பச்சைக் கட்டம் என்றாலும் அப்பாவின் கதையைச் சொல்லுங்கள்

தம்பி, உங்களுக்கு 42 வயது, அப்பா 48இல் மாரடைப்பில் போனவர். களுவாஞ்சிகுடியில் சோதித்தபோது மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கணிக்கும் அட்டவணையில் பச்சைக் கட்டம், அதாவது ஆபத்துக் குறைவு என்று வந்திருக்கிறது. அதை நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

கணக்குப் பிழையில்லை, ஆனால் அது முழுக்கதையும் இல்லை. அந்த அட்டவணை வயது, ஆணா பெண்ணா, புகைத்தல், பிரஷர், சீனி வருத்தம், கொலஸ்ட்ரோல் இவற்றை வைத்து அடுத்த 10 வருடத்துக்கு மட்டும் கணிக்கிறது. வயது குறைந்தால் கட்டம் பெரும்பாலும் பச்சைதான். அப்பாவைப் பற்றி அது கேட்பதே இல்லை. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55க்கு முன் மாரடைப்பு வந்திருந்தால் அது தனி ஆபத்துக் காரணி. டொக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.

இப்படி ஆபத்தைக் கணிக்கும் முறைக்கு வழிகாட்டியது 1948இல் அமெரிக்காவின் ஃபிரமிங்ஹாம் ஊரில் தொடங்கிய இதய நோய் ஆய்வு. அதில் முதலில் சேர்ந்த 5,209 பேரில் ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர். நம்மைப் பற்றித் தெளிவாகச் சொன்னது 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளிவந்த இன்டர்ஹார்ட் என்ற மாரடைப்பு ஆய்வு. இலங்கையும் அதில் இருந்தது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில், மற்றவர்களுக்கு 59 அளவில். வெற்றிலையோடு போடும் புகையிலையும் ஆபத்தைக் கூட்டுகிறது என்று அதே ஆய்வு காட்டியது. வாவிக்கரையில் வள்ளம் தள்ளும் ஒல்லியான மனுசன்கூட கொடுப்புக்குள் புகையிலையை அடக்கிக்கொண்டு "நான் சிகரெட் தொடுவதில்லை" என்பார். நீங்கள் போடுவீர்களா? போட்டால் அதையும் மறைக்காதீர்கள்.

இடுப்பையும் ஒருக்கால் அளந்து பாருங்கள். நம் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர்தான் எல்லை. அஸ்பிரின் மட்டும் நீங்களாகத் தொடங்க வேண்டாம். நெஞ்சு இறுக்கி வியர்த்தால் காஸ் என்று சோடா குடித்துக்கொண்டிருக்காமல் உடனே 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.