சேற்றில் கிடைத்த சொந்தங்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: 'அஸ்கார்டு ஆர்க்கியா' என்று அடிக்கடி படிக்கிறேன். யார் இவர்கள்?

ஆர்க்கியா என்பவை பாக்டீரியாவைப் போலவே உட்கரு இல்லாத, ஆனால் வேறு குலத்தைச் சேர்ந்த ஒற்றைச்செல் நுண்ணுயிர்கள். அவற்றில் ஒரு கூட்டம்தான் அஸ்கார்டு. கிரீன்லாந்துக்கும் நார்வேக்கும் இடையே கடலடியில் 'லோகியின் கோட்டை' என்றொரு வெந்நீர் ஊற்றுப் பகுதி இருக்கிறது. அதிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி, 3,283 மீட்டர் ஆழத்தில் எடுத்த சேற்றின் டிஎன்ஏவை சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் திஸ் எட்டெமா குழுவினர் வாசித்தார்கள். 2015-ல் முடிவு வெளியானது. 'லோகி' ஆர்க்கியா என்று பெயரிடப்பட்ட, உட்கருவே இல்லாத அந்த நுண்ணுயிரிடம், நம் செல்லுக்கு வடிவம் தரும் ஆக்டின் புரதத்துக்கு நெருங்கிய மரபணுக்கள் இருந்தன. சவ்வை வளைத்து வெட்டும் புரதங்களுக்கான மரபணுக்களும் இருந்தன. அடுத்து தோர், ஓடின், ஹெய்ம்டால் என்று உறவுக்கூட்டம் பெருகவே, நார்ஸ் தெய்வங்களின் உலகமான அஸ்கார்டு மொத்தக் குழுவுக்கும் பெயரானது.

கேள்வி: அப்படியென்றால் நாம் இவற்றிலிருந்து வந்தவர்களா?

இல்லை. இவை இன்று உயிரோடு இருப்பவை. நம்மைப் போலவே இத்தனை கோடி ஆண்டுகள் மாறி வந்தவை. பெரியப்பா வீட்டுப் பிள்ளையை நம் தாத்தா என்று சொல்ல முடியாது அல்லவா? அந்த உறவுதான். தாத்தா ஒருவரே, அவ்வளவுதான். 2023-ல் வந்த விரிவான மரபணு ஆய்வு, நம்மைப் போல உட்கரு கொண்ட உயிர்களை ஹெய்ம்டால் கிளைக்குள்ளேயே வைக்கிறது. 'பழங்கால நுண்ணுயிர்' என்ற தலைப்புகள் இந்த இடத்தில்தான் வாசகரைக் குழப்புகின்றன.

கேள்வி: யாரும் கண்ணால் பார்க்காத உயிரை டிஎன்ஏவை வைத்து எப்படி நம்புவது?

நியாயமான கேள்வி. வேறு உயிர்களின் டிஎன்ஏ கலந்துவிட்டது என்று விஞ்ஞானிகள் சிலரே வாதாடினார்கள். பதில் ஜப்பானிலிருந்து வந்தது. 2006-ல் ஷின்காய் 6500 நீர்மூழ்கி, ஜப்பானை ஒட்டிய 'நான்காய்' கடற்பகுதியில் 2,533 மீட்டர் ஆழத்திலிருந்து சேறு கொண்டுவந்தது. ஹிரோயுகி இமாச்சி குழுவினர் அதைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்காக உருவாக்கப்பட்ட ஒரு கலனில், தொங்கும் பஞ்சுகளில் ஊறவிட்டு, மீத்தேன் கொடுத்து 2,000 நாட்களுக்கு மேல் வளர்த்தார்கள். அப்புறம் கண்ணாடிக் குழாய்களுக்கு மாற்றி அமினோ அமிலங்களும் பால்பவுடரும் கொடுத்தார்கள். ஈ.கோலை பாக்டீரியா 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும்; இந்தச் சேற்றில் இருந்த அஸ்கார்டு ஆர்க்கியாவுக்கு 14 முதல் 25 நாள் வேண்டும். சேறு எடுத்து ஏறக்குறைய 12 ஆண்டுகளுக்குப் பிறகுதான் வளர்ப்பு கைக்கு வந்தது. இத்தனை பொறுமையை நவீன உயிரியலில் நான் அதிகம் கண்டதில்லை.

மைக்ரோஸ்கோப்பில் தெரிந்தது அரை மைக்ரோமீட்டர் அளவுள்ள ஓர் உருண்டை. உள்ளே உட்கரு இல்லை, உறுப்புகள் இல்லை. வெளியே மட்டும் கிளைத்து நீளும் கைகள். தனியாகவும் அது வாழாது. அது வெளியேற்றும் ஹைட்ரஜனைத் தின்னும் நுண்ணுயிர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். எனக்கு முக்கியமாகப் படுவது இந்தச் சார்புதான். இப்படிக் கூடி வாழ்ந்த ஒரு மூதாதை, நீண்ட கைகளால் ஒரு பாக்டீரியாவைச் சுற்றிவளைத்து உள்ளே வாங்கியிருக்கலாம் என்பது இமாச்சி குழுவின் கருதுகோள். 2022 இறுதியில் வியன்னாவின் கிறிஸ்டா ஷ்லெப்பர் குழு, ஸ்லோவேனியக் கடற்கரைச் சேற்றில் கிடைத்த இன்னொரு வகையை வளர்த்து, உள்ளே ஆக்டின் இழைகளையே படமெடுத்துக் காட்டியது. கலப்பட வாதம் அத்தோடு அடங்கியது என்றே சொல்வேன்.

கேள்வி: உள்ளே போன அந்த பாக்டீரியா என்ன ஆனது?

நம் செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா ஆனது. உங்கள் தாயிடமிருந்து மட்டுமே வரும் அதன் டிஎன்ஏ, பாக்டீரியாவுடையதைப் போல இன்றும் வட்டமாகவே இருக்கிறது. அமெரிக்க உயிரியலாளர் லின் மார்குலிஸ் 1967-ல் இதைச் சொன்னபோது ஏற்றவர்கள் குறைவு. பாக்டீரியா நுழைந்த பிறகுதான் செல் சிக்கலானதா, அதற்கு முன்பே பாதி சிக்கலாகிவிட்டதா என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. முன்பே தொடங்கியிருக்கும் என்பது என் சாய்வு. அதற்கு வேண்டிய புரதக் கருவிகள் பல ஆர்க்கியாவிடமே இருந்தனவே.

கேள்வி: மைட்டோகாண்ட்ரியா இல்லாத சிக்கலான செல் உண்டா?

உண்டு. சின்சில்லா என்ற கொறிவிலங்கின் குடலில் கிடைத்த மோனோசெர்கோமோனாய்டிஸ், 2016-ல் அறிவிக்கப்பட்டது. ஆனால் அது ஆதியிலிருந்தே இல்லாமல் இருந்ததல்ல. அதன் நெருங்கிய உறவுகளிடம் மைட்டோகாண்ட்ரியாவின் மிச்சம் இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா செய்துவந்த ஒரு முக்கிய வேலை, புரதங்கள் பலவற்றுக்குத் தேவையான இரும்பு-கந்தகத் தொகுதிகளைச் செய்வது. இதன் மூதாதை அந்த வேலைக்கு வேறு பாக்டீரியாக்களிடமிருந்து மரபணுக்களைப் பெற்றுக்கொண்டது; பிறகு இந்த வழியில் மைட்டோகாண்ட்ரியா கைவிடப்பட்டது.