முதல் சொல்லைக் கேட்டது ஆர்?

வணக்கம் அண்ணா,

நான் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில சயன்ஸ் படிப்பிக்கிறன். பேர் போடாதேங்கோ. போன கிழமை பதினோராம் ஆண்டுக்குக் கூர்ப்புப் பாடம் எடுத்தனான். உயிர் எப்பிடித் தொடங்கினது, மனிசன் எப்பிடி வந்தவன் எண்டு ஒரு மாதிரிச் சொல்லிக்கொண்டு போக, பின் வாங்கில ஒரு பொடியன் எழும்பி, "மிஸ், முதல் முதல் கதைச்ச ஆள் என்ன சொன்னவர்? சரி என்னமோ சொன்னார் எண்டு வைப்பம், மற்ற ஆளுக்குத்தான் ஒரு பாசையும் தெரியாதே, அவருக்கு எப்பிடி விளங்கினது?" எண்டு கேட்டான். வகுப்பே சிரிச்சது. எனக்கு மறுமொழி வரேல்லை. ஸ்டாஃப் ரூமில கேட்டா ஒரு சேர் இதெல்லாம் சிவபுராணத்திலயே கிடக்கு, டார்வினுக்கு முதலே மாணிக்கவாசகர் சொல்லிப்போட்டார் எண்டுறார். இன்னொரு சேர், குரங்கில இருந்து வந்தா இப்ப இருக்கிற குரங்கு ஏன் மனிசனாகேல்லை எண்டுறார். பொடியனுக்கு நான் என்ன சொல்லுறது அண்ணா?

தங்கச்சி,

முதல்ல அந்தப் பொடியனுக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுங்கோ. அவன் கேட்ட கேள்வியால தலையிடி தாங்கேலாமல்தான் 1866 இல பாரிசில இருந்த மொழியியல் சங்கம், மொழி எப்பிடித் தோன்றினது எண்டு இனி ஒருத்தரும் கட்டுரை கொண்டரக் கூடாது எண்டு விதியே போட்டது. ஆளுக்கொரு கதை, ஒண்டுக்கும் ஆதாரம் இல்லை. சொல்லு என்ன எலும்பே, மண்ணுக்க கிடக்க, தோண்டி எடுக்க.

ஸ்டாஃப் ரூமை முதல் முடிப்பம். நானும் காலமைப் பிரேயரில சிவபுராணம் பாடி வளந்தவன்தான், 'புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி' எண்டு போகேக்க கூர்ப்பு மாதிரித்தான் கேக்கும். ஆனா அங்க போறது ஒரே ஒரு உயிர், அது பிறவி பிறவியா உடம்பு மாறி மாறி இளைச்சுப் போய் அழுகிறது. கூர்ப்பில ஒரு தனிப் புழுவுக்கு ஒண்டும் நடக்காது, அது புழுவாப் பிறந்து புழுவாவே சாகும், மாறுறது கூட்டம், அதுவும் எத்தினையோ தலைமுறை போக. அதோட அந்தப் பாட்டில பாம்புக்குப் பிறகு கல்லு, கல்லுக்குப் பிறகு மனிசர், மனிசருக்குப் பிறகு பேய். பிள்ளையள் இதை ஓஎல் பேப்பரில எழுதினா ஒரு புள்ளியும் விழாது. மாணிக்கவாசகரை அழுகைக்காகப் படிப்பம், அவரை ஏன் பயோவுக்கு இழுக்கிறம்?

மற்ற சேரிட்டை ஒண்டு கேளுங்கோ. அவற்றை சித்தப்பான்ர மகன் கனடாவில இருந்தா, நீ ஏன் இன்னும் நானாகேல்லை எண்டு அவனிட்டைப் போய்க் கேப்பாரோ? சிம்பன்சியும் நாங்களும் ஒரே பூட்டன்ர ரெண்டு வழி, பிரிஞ்சு 60, 70 லட்சம் வருசம் இருக்கும். அவை தங்கட பாட்டுக்கு மாறிச்சினம், நாங்கள் எங்கட பாட்டுக்கு.

பழைய மனிசர் எண்ட உடன ஆபிரிக்காவையே காட்டிக்கொண்டு நிக்காதேங்கோ. இலங்கையில வறண்ட பக்கத்துக் கரையோரம் இருக்கிற பழைய சரளைக்கும் அதுக்கு மேல கிடக்கிற செம்மண்ணுக்கும் ஆராய்ச்சிக்காரர் வைச்ச பேரே இரணைமடுப் படிவம், எங்கட கிளிநொச்சி இரணைமடுதான். அதே படிவத்தில தொல்லியல் ஆராய்ச்சிக்காரர் சிரான் தெரணியகல அம்பாந்தோட்டைப் பக்கம் எடுத்த கல்லாயுதங்கள் ஒரு லட்சத்துச் சொச்ச வருசப் பழசு. களுத்துறையில பாகியன் குகை எண்டு ஒண்டு, அங்க 48,000 வருசத்துக்கு முந்தியே குரங்கையும் மரஅணிலையும் பிடிச்சுத் திண்டு, எலும்பில அம்பு முனை செய்தவை. மரத்து உச்சியில நிக்கிற குரங்கை நாலு பேர் சேர்ந்து பிடிக்கிறதெண்டா வாய் திறக்காமலா பிடிச்சிருப்பினம்?

உயிரின்ர தொடக்கத்தைப் பற்றி நீங்கள் கனக்கக் கேக்கேல்லை, நானும் சுருக்கமாவே சொல்லுறன். 1953 இல ஸ்ரான்லி மில்லர் தண்ணி, மீதேன், அமோனியா, ஐதரசன் எல்லாத்தையும் ஒரு கண்ணாடிக் குடுவைக்குள்ள விட்டு மின்னல் மாதிரி மின்பொறி அடிச்சுப் பார்த்தார், கொஞ்ச நாளில அமினோ அமிலம் வந்தது. செங்கல் வந்தது, வீடு வரேல்லை. ஆர்என்ஏ எண்ட மூலக்கூறு தகவலையும் வைச்சுக்கொண்டு வேலையும் செய்யும் எண்டு கண்டுபிடிச்ச செக்குக்கும் ஓல்ட்மனுக்கும் 1989 இல நோபல் பரிசு குடுத்தவை, வீட்டுக்கு அதுதான் அத்திவாரமா இருந்திருக்கும் எண்டு கனபேர் நினைக்கினம். 2012 மார்கழியில பொலன்னறுவையில விழுந்த கல்லுக்குள்ள விண்வெளி உயிர் கிடக்கு எண்டு வானியல் விஞ்ஞானி சந்திரா விக்ரமசிங்க சொன்ன வீடியோவைப் பொடியள் பார்த்திருப்பாங்கள். மற்ற விஞ்ஞானிகள் அது விண்கல்லோ எண்டே சந்தேகப்பட்டவை, உள்ளுக்க கண்டது இஞ்சத்தைய நல்ல தண்ணிப் பாசி எண்டும் சொன்னவை. அப்பிடியே வானத்தால வந்தது எண்டு வைச்சாலும், வானத்தில எப்பிடித் தொடங்கினது எண்டு உங்கட பின் வாங்கு கேக்கும்.

இனி அவன்ர கேள்வி. சொல்லுறவர் முதல் வந்தவர், கேக்கிறவர் பிறகு வந்தவர் எண்டு வைச்சுக்கொண்டுதான் அவன் கேக்கிறான், எல்லாரும் அப்பிடித்தான் நினைக்கிறது. நான் அதை மறுவளமாப் பிடிக்கிறன். கேக்கிறவர்தான் முதல்.

எனக்குப் பத்துப் பதினொரு வயசிருக்கும், முத்தையன்கட்டுக்கு அங்கால காட்டோரம் அம்மப்பாவுக்கு வயல். பின்னேரம் அவரோட காவல் கொட்டிலுக்குப் போவன். வரம்புக்கு அங்கால ஒரு பெரிய வீரை மரம், அதில மந்தி ஒரு கூட்டம், கறுத்த மூஞ்சையும் நீட்டு வாலும். மந்தி அரைவாசி திண்டு அரைவாசி கொட்டும், கொட்டுறதைப் பொறுக்க மரத்துக்குக் கீழ புள்ளிமான் வந்து நிக்கும். ஒரு நாள் பொழுதுபடுற நேரம் மேல ஒரு மந்தி 'கக்... கக்' எண்டு இருமுற மாதிரிக் கத்தினது. கீழ நிண்ட மான் எல்லாம் ஒரே நேரத்தில தலையைத் தூக்கினது, ஒண்டு முன்னங்காலால நிலத்தில அடிச்சது, எல்லாற்றை காதும் ஒரே பக்கம். அம்மப்பா வாயில போட வைச்சிருந்த வெத்திலையை அப்பிடியே வைச்சிட்டு மண்ணெண்ணெய் ரின்னை எடுத்து டமார் டமார் எண்டு அடிச்சார். "புலி போகுதடா." (சிறுத்தையை எங்கட பக்கம் அப்பிடித்தான் சொல்லுறது, அந்தச் சொல்லுக்கு அப்ப வேற பாரம் ஏறேல்லை.) நான் கண்ணால ஒண்டும் காணேல்லை, அவரும் காணேல்லை. அடுத்த நாள் காலமை வரம்புச் சேத்தில அடி கிடந்தது, நாய் அடியிலும் பெரிசு, நகம் பதியேல்லை.

இதில ஆர் ஆரோட கதைச்சது எண்டு பொடியனிட்டைக் கேளுங்கோ. மந்தி மானுக்குச் சொல்லேல்லை, அம்மப்பாவுக்குச் சொல்ல அதுக்கு என்ன விசரே. மந்திக்குப் பயம் வந்தது, கத்தினது, அந்தக் கத்தல் அதோட கூடப் பிறந்தது. ஆனா கேக்கிற பக்கத்தைப் பாருங்கோ, மான் மந்தியின்ர பாசையைப் பழகி வைச்சிருக்கு, மனிசன் மந்தியையும் மானையும் சேர்த்துப் பழகி வைச்சிருக்கிறான். கத்துறதுக்கு அளவிருக்கு, எண்ணிச் சொல்லக்கூடிய சத்தம்தான். கேட்டு விளங்கிறதுக்கு அந்த அளவு இல்லை. விளக்கம் சொல்லை விடக் கனக்கப் பழசு தங்கச்சி.

டார்வினே 1871 இல இப்பிடி ஒண்டை எழுதினவர், கொஞ்சம் கெட்டித்தனமான குரங்கு ஒண்டு வேட்டை மிருகத்தின்ர உறுமலைச் செய்து காட்டி, வாற ஆபத்து என்ன எண்டு மற்றதுகளுக்குச் சொல்லியிருக்கலாம், அது மொழிக்கு முதல் படியா இருக்கலாம் எண்டு. கென்யாவில வெர்வெட் குரங்குகளுக்கு அதுகளின்ர சத்தத்தையே ரெக்கோட் பண்ணிப் போட்டுக் காட்டி 1980 இல எழுதினவை: சிறுத்தைச் சத்தம் போட்டா மரத்தில ஏறும், கழுகுச் சத்தம் போட்டா அண்ணாந்து பாக்கும், பாம்புச் சத்தம் போட்டா எழும்பி நிண்டு புல்லுக்க பாக்கும். குட்டியள் சிலவேளை காத்துக்கு விழுற இலையைக் கண்டும் கழுகு எண்டு கத்துமாம். எனக்குப் பிடிச்ச விசயம் இதுதான், எங்கட குஞ்சுகளும் வாற ஆம்பிளை எல்லாரையும் அப்பா எண்டுதுகள் தானே. அந்தக் குஞ்சு ஒரு சொல்லும் வாயால வராத வயசிலயே 'அம்மா எங்க' எண்டா அம்மா பக்கம் திரும்பும், கண்டிருப்பீங்கள்.

அப்ப மனிசன் புதுசாச் செய்தது என்ன? தான் போடுற சத்தம் மற்றவனுக்கு விளங்குது எண்டு கண்டு, பயம் வராத நேரத்திலும் வேணுமெண்டே போட்டது. சத்தம் எண்டு கூட இல்லை, கையாயும் இருந்திருக்கலாம். எங்கட அயலில காது கேளாத ஒரு அக்கா இருந்தவ. மூக்கைத் தொட்டா மாமி (மாமிக்குப் பெரிய மூக்குத்தி), நெத்தியில மூண்டு விரலை இழுத்தா கோயில், உள்ளங்கையைக் கவிட்டுத் தட்டினா குளம். தாய்க்கு மட்டும் முழுக்க விளங்கும். தாய் செத்த பிறகு அந்தக் கை கனக்க அசையேல்லை. இதையே நிக்கரகுவாவில பாருங்கோ, 1970களின்ர கடைசியில மனாகுவாவில காது கேளாத பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தவை. ரீச்சர்மார் உதட்டைப் பார்த்து ஸ்பானிஷ் படி எண்டு மாரடிக்க, பிள்ளையள் விளையாட்டு முத்தத்திலும் பஸ்ஸிலும் தங்கட வீட்டுச் சைகையளைக் கலந்து கதைக்கத் தொடங்கிட்டுதுகள், பிறகு சேந்த சின்னனுகள் அதுக்கு இலக்கணமே வைச்சிட்டுதுகள். இண்டைக்கு அது ஒரு முழு மொழி, ஒருத்தரும் அதை அவைக்குப் படிப்பிக்கேல்லை. எங்கட அக்காவுக்கும் அந்தப் பிள்ளையளுக்கும் கையில ஒரு வித்தியாசமும் இல்லை, பாக்கிறதுக்கு ஆக்கள் இருந்ததுதான் வித்தியாசம்.

அப்ப முதல் சொல் என்ன எண்டு அவன் விடமாட்டான், திருப்பிக் கேப்பான். பழந்தமிழில இருந்து மலையாளம் கிளைச்சது தானே, முதல் மலையாளம் கதைச்ச பிள்ளை ஆர் எண்டு கேளுங்கோ. தாய் தமிழ் கதைக்க, பிள்ளை மலையாளம் கதைக்க, ரெண்டு பேருக்கும் விளங்காமல் முழிச்ச ஒரு வீடு ஒரு காலத்திலும் இருந்ததில்லை. முதல் சொல்லும் அப்பிடித்தான்.

அவன்ர வீடு காட்டோரம் எண்டா, பாலை பழுக்கிற நாளில பின்னேரம் ஒருக்கா மரத்துக்குத் தள்ளி இருந்து மந்தி என்ன என்னத்துக்குக் கத்துது எண்டு கொப்பியில எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கோ. ஆனை நிக்குதோ எண்டு முதல் பாக்கட்டும்.