சங்கிலிக் கூடையும் பறக்குற தட்டும்: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்வியில நெறைய டிஸ்க் கோல்ஃப் பத்திதான், அதாவது தட்டை வீசி வீசி சங்கிலிக் கூடைக்குள்ள போடுற ஆட்டம். அதனால மத்ததை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இதையே எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: வணக்கம்மா. நமக்கு திருநெல்வேலிப் பக்கம். மகன் வீட்டுக்கு சார்லட் வந்திருக்கேன், நார்த் கரோலினா. வீட்டுக்கு எதுத்தாப்ல ஒரு சின்ன பார்க்கு, அதுல அங்கங்க கம்பு நட்டு சங்கிலியா தொங்கவிட்டு கீழ ஒரு கூடை வச்சிருக்காங்க. சாயங்காலமானா பயலுவ தட்டை வீசிட்டே போறானுவ. எனக்கு வெறும் வாக்கிங் போயி சலிச்சுப் போச்சு. வயசு 64. நானும் வீசலாமா, யார்ட்டயும் கேக்கணுமா, துட்டு கட்டணுமா?

பதில்: தாராளமா வீசுங்க ஐயா. யார்கிட்டயும் கேக்க வேணாம், பொது பார்க்ல இருக்குற கோர்ஸ், அதாவது இதை ஆடுற எடம், பெரும்பாலும் இலவசம்தான், சான் டியாகோ மோர்லி ஃபீல்ட் மாதிரி சில எடத்துல மட்டும் காசு வாங்குவாங்க, அங்க போர்டுலயே போட்டிருக்கும். ஆட்டத்துல பெருசா புரியாததுன்னு ஒண்ணும் இல்ல. தரையில ஒரு சிமெண்ட் திண்டோ ரப்பர் மேட்டோ இருக்கும், அதுதான் டீ. ஒரு டீயில இருந்து அதோட கூடை வரைக்கும் ஒரு ஹோல். பக்கத்துல ஒரு போர்டுல ஹோல் நம்பர், கூடை எவ்ளோ தூரம், எந்தப் பக்கம்னு படம் இருக்கும். அங்க நின்னு கூடையைப் பாத்து வீசணும், தட்டு எங்க போய் நிக்குதோ அங்க நடந்து போய், அது கிடந்த எடத்துக்குப் பின்னால காலை வச்சு மறுபடி வீசணும், கூடைக்குள்ள விழுற வரைக்கும் இதேதான். எத்தனை வீச்சுன்னு எண்ணி வச்சுக்கோங்க, கம்மியா எண்ணினவர் ஜெயிச்சார். சின்ன பார்க்னா 9 ஹோல் இருக்கும், ஒவ்வொண்ணும் 150 அடியில இருந்து 250 அடிக்குள்ள, எல்லாமே பார் 3, அதாவது மூணு வீச்சுல முடிக்கணும்னு கணக்கு. கூட்டம் இல்லைன்னா ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுரும், உங்க வாக்கிங் கணக்கும் அதுலயே தீந்துரும்.

அந்த சங்கிலி அழகுக்கு இல்ல. எட் ஹெட்ரிக்னு ஒரு மனுஷன், ஃப்ரிஸ்பீ விக்கிற வாம்-ஓ கம்பெனியில இருந்தவர், 1975ல கலிஃபோர்னியாவுல ஓக் குரோவ் பார்க்ல முதல் நிரந்தர கோர்ஸைப் போட்டார். அப்ப கூடை கிடையாது, வெறும் கம்பம்தான். அதுக்கு முன்னால ஆடுனவங்க மரம், லைட் கம்பம், குப்பைத் தொட்டின்னு கையில சிக்குனதை எல்லாம் குறி வச்சு ஆடுவாங்க. பட்டுச்சு படலைன்னு சண்டை வருமா வராதா? அதுக்குத்தான் சங்கிலிக் கூடையைக் கண்டுபிடிச்சார், 1977ல பேட்டன்ட்டும் வாங்கிட்டார். வேகமா வர்ற தட்டோட வேகத்தை சங்கிலி வாங்கிக்கும், தட்டு கீழ கூடையில விழுந்துரும், விழுற சத்தத்துலயே எல்லாருக்கும் தெரிஞ்சுரும், அதுக்கப்புறம் யார் சண்டை போட முடியும். அவர் 2002ல இறந்தப்ப அவரோட அஸ்தியைக் கலந்து டிஸ்க் செஞ்சாங்க, அவர் ஆசைப்பட்டதே அதைத்தான்.

தோள்பட்டையில ஏற்கெனவே வலி இருந்தா மட்டும் டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. இல்லைன்னா கையை நல்லா சுத்தி சூடு பண்ணிட்டு, ஓடி வராம நின்ன எடத்துலயே வீசுங்க, பயலுவ ஓடி வந்து வீசுறதைப் பாத்து நீங்களும் ஓடாதீங்க. இன்னொண்ணு, நீங்க இருக்குற ஊர்ல இருந்து ராக் ஹில் கிட்டத்தான், அங்க வின்த்ராப் யுனிவர்சிட்டியில 1999ல இருந்து யு.எஸ். டிஸ்க் கோல்ஃப் சாம்பியன்ஷிப் நடக்குது. அக்டோபர் வரைக்கும் இருந்தீங்கன்னா மகனைக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க.

கேள்வி: அக்கா, எங்க வீட்டுக்காரர் யூடியூப் பாத்துட்டு ஒரு பெரிய பை, அது நிறைய டிஸ்க், எல்லாம் ஆர்டர் பண்ணிட்டார். எதை வீசினாலும் கொஞ்ச தூரம் போய் இடது பக்கம் திரும்பி புதருக்குள்ள போயிருது. நாங்க ஆடுறதோ பக்கத்துல இருக்குற குட்டி பார்க்ல. இவர் கையில கோளாறா, தட்டுல கோளாறா? (டெக்சஸ் வாசகி)

பதில்: ரெண்டுலயும் இல்லம்மா, வாங்கினதுலதான். டிஸ்க் மேல நாலு நம்பர் போட்டிருக்கும் பாருங்க, அதுல முதல் நம்பர் ஸ்பீடு, அந்த தட்டு ஒழுங்கா பறக்கணும்னா எவ்ளோ வேகம் வேணும்னு சொல்றது. 2, 3ன்னு இருந்தா பட்டர் (putter), கூடை பக்கத்துல இருந்து போடுற தட்டு. 4, 5 மிட்ரேஞ்ச், நடுத்தர தூரத்துக்கு. 11, 12ன்னு இருந்தா அது டிஸ்டன்ஸ் டிரைவர், ரொம்ப தூரம் வீசுற தட்டு, ஓரம் கத்தி மாதிரி மெலிசா இருக்கும், வருஷக்கணக்கா வீசிப் பழகுன கைக்குத்தான் அது பேச்சு கேக்கும். வலது கைக்காரர் பேக்ஹேண்ட், அதாவது கையை உடம்புக்குக் குறுக்க கொண்டுபோய் வீசினா, தட்டு மேல இருந்து பாக்க கடிகாரம் சுத்துற பக்கமா சுத்தும், வேகம் கொறையக் கொறைய அது இடது பக்கம் சாயும், அது எல்லா தட்டுக்கும் உள்ள குணம். டிரைவருக்கு வேண்டிய வேகமே ஆரம்பத்துல இருந்து இல்லாததால அது கையை விட்ட உடனேயே கடைசிக் கட்டத்துக்குப் போயிருது, அதான் நேரா புதர்.

அந்த பைக்குள்ள பட்டர் ஒண்ணு கண்டிப்பா இருக்கும், ஓரம் தடிமனா, கையில பிடிச்சா ஆழமா இருக்கும். அதை மட்டும் எடுத்துட்டுப் போங்க, மிச்சத்தை கார் டிக்கியில போடுங்க, டீயில இருந்தும் அதுதான், கூடை பக்கத்துலயும் அதுதான். 200 அடி ஹோலுக்கு அது தாராளம். வாங்காதவங்க யாராச்சும் இதைப் படிச்சா ஒரே ஒரு பட்டர் வாங்குங்க, அமெரிக்காவுல பத்துப் பதினஞ்சு டாலருக்கு நல்லதே கிடைக்கும், மூணு டிஸ்க் ஸ்டார்ட்டர் செட் எல்லாம் அடுத்த கட்டம். கடைக்காரர் கோவிச்சுக்குவார், பரவால்ல.

வீசுறப்ப தோளை கூடைப் பக்கம் காட்டி பக்கவாட்டுல நில்லுங்க. நாலு விரலும் அடியில ஓரத்தைப் பிடிக்கணும், கட்டைவிரல் மேல. தட்டை நெஞ்சுக்கு நேரா ஒரே கோட்டுல இழுத்து விடணும், வட்டமா கையைச் சுத்தி விட்டா எங்கயோ போகும். புதுசா வீசுறவங்க எல்லார்கிட்டயும் இருக்குற வியாதி என்னன்னா தட்டோட முன் ஓரம் மேல தூக்கிக்கிறது, தட்டு ஜம்முனு வானத்துக்கு ஏறும், அங்கயே நின்னு யோசிச்சு தொப்புன்னு விழும். கட்டைவிரலால லேசா அழுத்தி தட்டை தரைக்கு மட்டமா வச்சீங்கன்னா பாதி சரியாயிரும். முழு பலத்துல வீசவே வேணாம், முக்கால் பலம் போதும். எதிர்காத்து அடிச்சா தட்டு தூக்கிட்டு வலது பக்கம் ஓடப் பாக்கும், பின்னால இருந்து அடிச்சா சீக்கிரம் இறங்கும், அதையும் கணக்குல வச்சுக்கோங்க. இதையெல்லாம் வீட்டுக்காரர்ட்ட நீங்க சொன்னா எடுபடாது, இந்தப் பக்கத்தை மடிச்சு டேபிள்ல வச்சுருங்க.

கேள்வி: வணக்கம் அக்கா. நாங்கள் ஸ்கார்பரோவில இருக்கிறம். பிள்ளையளுக்கு 7 வயசும் 10 வயசும். பள்ளிக்கூடத்தில இந்த டிஸ்க் கோல்ஃப் விளையாடிக் காட்டினவையாம், இப்ப வீட்டில ஒரே ஆக்கினை. அவையளுக்கு எப்பிடித் தட்டு வாங்கிறது, ஆருக்கும் பட்டு காயம் வராதோ எண்டு பயமாக் கிடக்கு.

பதில்: பயம் நியாயமானதுதான் தங்கச்சி, கோல்ஃப் டிஸ்க் பீச்ல பிடிச்சு விளையாடுற ஃப்ரிஸ்பீ மாதிரி இல்ல, அளவு சின்னது, பிளாஸ்டிக் கெட்டி, வேகமா வந்து முகத்துல பட்டா நல்லாவே அடிக்கும். அதனால வீசுறவருக்கு முன்னால யாரும் போகக் கூடாது, இந்த ஒரு விதியை மட்டும் முதல் நாளே கறாரா சொல்லிக் குடுத்துருங்க. பெரியவங்களோட டிஸ்க் 170 கிராம் சுமார் வரும், பிள்ளைகளுக்கு 150க்குக் கீழ உள்ள பட்டர் பாத்து வாங்குங்க, பளிச்சுன்னு மஞ்சளோ பிங்கோ எடுங்க, பச்சை மட்டும் வேணாம், புல்லுல தேடியே பொழுது போயிரும். தட்டுக்கு அடியில மார்க்கரால பேரும் ஃபோன் நம்பரும் எழுதி வைங்க, தொலைஞ்சா எடுத்தவங்க மெசேஜ் அனுப்புவாங்க, அது இந்த ஆட்டக்காரங்ககிட்ட இருக்குற நல்ல பழக்கம். டீயில இருந்து எறிஞ்சு பிள்ளைங்க அலுத்துட்டாங்கன்னா பாதி தூரத்துல நிக்க வச்சு அங்க இருந்து ஆடவிடுங்க, யாரும் வந்து கேக்கப் போறதில்ல.

டொரான்டோ ஐலண்ட்ல வார்ட்ஸ் ஐலண்ட் பக்கம் பழைய கோர்ஸ் ஒண்ணு இருக்கு, படகுல போறதே பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், ஆனா அது 18 ஹோல், முதல்ல பக்கத்துல இருக்குற சின்னதுல பழக்குங்க. கனடாக்காரங்களுக்கு ஒரு பெருமையும் சொல்லிடறேன், ஹெட்ரிக் கூடை வைக்கிறதுக்கெல்லாம் ரொம்ப முன்னாலயே, 1926ல, சஸ்காச்சவான் மாகாணத்துல பிளாட்வொர்த்ங்குற ஊர்ல பள்ளிக்கூடப் பசங்க தகர மூடியை வீசி இதே மாதிரி ஒரு ஆட்டம் ஆடியிருக்காங்க.

கேள்வி: மச்சானுக்கும் எனக்கும் ஓயாத சண்டை, நீங்கதான் தீர்ப்பு சொல்லணும். ஒண்ணு, தட்டு கூடைக்கு மேல கூரை மாதிரி இருக்குற எடத்துல போய் உக்காந்துருச்சு. ரெண்டு, சங்கிலியில பட்டு வெளிய விழுந்துருச்சு. மூணு, மரத்துல மாட்டிக்கிச்சு. (சான் ஹோசே)

பதில்: மேல உக்காந்தா கணக்கு இல்ல, இன்னொரு வீச்சு போட்டு உள்ள போடணும். சங்கிலியில பட்டு வெளிய விழுந்தாலும் இல்ல, மச்சான் எவ்ளோ கத்தினாலும் இல்ல. மரத்துல மாட்டினா அதுக்கு நேர் கீழ தரையில இருந்து அடுத்த வீச்சு, சும்மா விளையாட்டுக்கு ஆடுறப்ப அதுக்கு அபராதம் கிடையாது, போட்டி நடத்துறவங்க ரெண்டு மீட்டர் விதி (ரெண்டு மீட்டருக்கு மேல மாட்டினா அபராதம்) உண்டுன்னு முன்கூட்டியே அறிவிச்சிருந்தா மட்டும்தான். நீங்க கேக்காததையும் சொல்லிடறேன், அடுத்த சண்டை அதுலதான் வரும்: கூடையில இருந்து 10 மீட்டருக்குள்ள வந்துட்டா வீசிட்டு அப்படியே முன்னால விழுந்து போகக் கூடாது, நிலையா நின்னு காட்டிட்டுத்தான் காலை முன்னால வைக்கணும். தட்டு தொலைஞ்சா தேட மூணு நிமிஷம், கிடைக்கலைன்னா ஒரு வீச்சு கூட்டிக்கிட்டு முன்னால வீசின எடத்துல இருந்தே மறுபடி.

கேள்வி: நான் இதெல்லாம் ஆடுறவ இல்ல. கைக்குழந்தையை ஸ்ட்ரோலர்ல வச்சு தினமும் நடக்குற பார்க்ல திடீர்னு கூடை நட்டுட்டாங்க. தலைக்கு மேல தட்டு பறக்குது. கேட்டா இது கோர்ஸ்ங்கறாங்க. பார்க் யாரோடது? (நியூ ஜெர்சி)

பதில்: உங்களோடதுதான். அந்தப் பசங்களோடதும்தான், ஆனா பாதையில ஆள் நடக்குறப்ப வீசாம காத்திருக்குறது ஆடுறவங்க பொறுப்பு. இது என்னோட பெருந்தன்மை இல்ல, ஆட்ட விதியிலயே அடுத்தவங்க மேல படுற மாதிரி இருந்தா வீசக் கூடாதுன்னு இருக்கு. தட்டு ஆள் பக்கம் திரும்பிட்டா ‘ஃபோர்’னு கத்தணும், அந்த சத்தம் கேட்டா நீங்க திரும்பிப் பாக்காம குழந்தை மேல குனிஞ்சுக்கோங்க.

எனக்கு இதுல கோவம் வர்றது ஆடுற பசங்க மேல இல்ல, டிசைன் பண்றவங்க மேல. சின்ன பார்க்ல எப்படியாச்சும் 9 ஹோல் திணிக்கணும்னு ஊஞ்சல் பக்கமா ஒரு டீ, நடைபாதைக்குக் குறுக்க ஒரு ஹோல்னு போட்டா எவ்ளோ ஒழுங்கா ஆடினாலும் ஒரு நாள் யார் மேலயாச்சும் படத்தான் செய்யும். எடம் பத்தலைன்னா 6 ஹோல் போடட்டுமே, யார் வேணாம்னா. கூடையை நகத்துறது ரொம்ப பெரிய வேலையும் இல்ல, கம்பம் தரையில புதைச்ச குழாய்க்குள்ள நிக்கும், நெறைய கோர்ஸ்ல ஒரே ஹோலுக்கு ரெண்டு மூணு எடம் வச்சு மாத்தி மாத்தி வைப்பாங்க. எந்த ஹோல் நம்பர், எந்த நேரம்னு குறிச்சு ஒரு ஃபோட்டோவோட உங்க டவுன் பார்க் டிபார்ட்மெண்ட்டுக்கு எழுதுங்க. எல்லாத்தையும் எடுத்துருங்கன்னு எழுதினா தூக்கி ஓரமா வைப்பாங்க, அஞ்சாவது ஹோலை அந்தப் பக்கம் திருப்புங்கன்னு எழுதினா வேலை நடக்க வாய்ப்பு இருக்கு.

கேள்வி: ஆஃபீஸ் நண்பர்கள் எல்லாம் மலை மேல 18 ஹோல் போறாங்க. நான் வீட்டுப் பக்கம் குட்டி கோர்ஸ்ல ஆடுறேன்னு சொன்னா சிரிக்கிறாங்க. குட்டி கோர்ஸ் ஆடுறதெல்லாம் ஒரு ஆட்டமா?

பதில்: சிரிக்கிறவங்களை ஒரு நாள் அந்தக் குட்டி கோர்ஸுக்குக் கூட்டிட்டு வந்து ஒவ்வொரு ஹோலையும் ரெண்டே வீச்சுல முடிக்கச் சொல்லுங்க. முடியாது. நீளமான ஹோல்ல ரெண்டு மூணு சுமாரான வீச்சை ஒரு நல்ல வீச்சு மறைச்சுரும், 180 அடி ஹோல்ல முதல் வீச்சு கூடை பக்கத்துல விழணும், அடுத்தது உள்ள போகணும், ஒளிஞ்சுக்க எடமே கிடையாது. அதுவும் கிட்டத்துல இருந்து கூடைக்குள்ள போடுறதுல பெரிய பெரிய ஆட்டக்காரங்களே சில சமயம் மாட்டிக்கிறாங்க, அதைப் பழக குட்டி கோர்ஸை விட நல்ல எடம் இல்ல.

ஐஸ்லாந்துல ரெய்க்யாவிக் நகரத்துக்கு நடுவுல கிளாம்ப்ராடூன்னு ஒரு பார்க், ஒரு ஆர்ட் மியூசியத்தை ஒட்டின புல்வெளி, அங்க 9 ஹோல் வச்சிருக்காங்க. நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழ மக்கள்தொகை உள்ள நாடு, ஆனா சின்னச் சின்ன ஊர்லயும் இந்தக் கூடையைப் பாக்கலாம். எஸ்தோனியாவும் அப்படித்தான், குட்டி நாடு, அங்க இருந்து வந்த கிறிஸ்டின் டத்தார் 2022லயும் 2023லயும் பெண்கள் பிரிவுல உலக சாம்பியன்.

கேள்வி: மகள் அமெரிக்காவுல இருந்து வந்தப்ப ரெண்டு டிஸ்க் விட்டுட்டுப் போயிட்டா. சென்னையில கூடைக்கு எங்க போறது?

பதில்: பெசன்ட் நகர் பீச்ல காலையில அல்டிமேட் ஃப்ரிஸ்பீ ஆடுற கூட்டம் ஒண்ணு இருக்கும், அவங்க தட்டு பெருசு, ஆட்டமும் வேற, ஆனா தட்டு எப்படி பிடிக்கணும்னு அவங்ககிட்ட கேட்டா சந்தோஷமா சொல்லிக் குடுப்பாங்க. கூடைதானே, ஆள் இல்லாத நேரமா பாத்து மரத்தைக் குறி வைங்க, மரத்துல பட்டா உள்ள விழுந்த கணக்கு, அமெரிக்காவுலயே கூடை வர்றதுக்கு முன்னால அப்படித்தான் ஆடினாங்க. பட்டுச்சா படலையான்னு சண்டை வந்தா ரெண்டு டிஸ்கையும் அவ அடுத்த தடவை வர்ற வரைக்கும் பீரோவுல வச்சுப் பூட்டிருங்க.