மார்கழியில் மலை ஏறலாமா? கேள்வி பதில்

இருபது வருடமாக மார்கழியிலும் தையிலும் கூட்டாளிகளோடு மலைக்குப் போய்வருகிறேன். புதுச்சேரி, கடலூர் பக்கத்துக்காரர்கள் கேட்ட சில கேள்விகளுக்கு என் பதில்கள்.

அண்ணா, நாங்கள் ஆறு பேர், பைக்கில் போய் அன்றே திரும்பணும். யாருக்கும் மலை ஏறிப் பழக்கமில்லை. எங்கே போகலாம்? (லாஸ்பேட்டை மாணவர்)

செஞ்சிக் கோட்டைதான். திண்டிவனம் வழியாகப் போனால் சுமார் 70 கிலோமீட்டர். கடலூர்க்காரர்களுக்கு விழுப்புரம் வழி. அங்கே இருக்கும் மலைகளில் பெரியது ராஜகிரி, 800 அடி உயரம். கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் படிகள் ஒன்று அரை அடி, அடுத்தது முழங்கால் உயரம். பழக்கமில்லாதவர்கள் முதலில் அங்கேயே இருக்கும் சின்ன மலையான கிருஷ்ணகிரியில் ஏறுங்கள். அது சீக்கிரம் முடியும், மேலே மண்டபத்தில் நல்ல காற்றும் வரும். தெம்பு மிச்சமிருந்தால் ராஜகிரி. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் உள்ளது இது ஒன்றுதான். காணும் பொங்கலன்று மட்டும் போகாதீர்கள், கூட்டத்தில் நின்று நின்றுதான் ஏற வேண்டியிருக்கும்.

இன்னொன்று. விடிவதற்கு முன்னால் கிளம்பாதீர்கள். மார்கழிப் பனியில், பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர் பத்தடி தூரத்தில் வந்த பிறகுதான் கண்ணில் படும். மலையைவிட அந்த ரோடுதான் எனக்குப் பயம்.

மேலே குளிருமா? ஸ்வெட்டர் வேண்டுமா? (கடலூர் முதுநகர்)

ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையும். அந்தக் கணக்கில் செஞ்சி உச்சியில் ஒன்றரை டிகிரிதான். ஏற்காடு என்றால் ஸ்வெட்டர் எடுங்கள், செஞ்சிக்கு பைக்கில் போகும்போது காதுக்குக் குல்லா போதும். பதினோரு மணிக்கெல்லாம் பாறை சுட ஆரம்பித்துவிடும். பனிக்காலத்தில் தாகம் தெரியாது, வேர்வை மட்டும் போய்க்கொண்டே இருக்கும். தலைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

மகள் தன் தோழிகளோடு என்னையும் கூப்பிடுகிறாள். வயது 52, இறங்கும்போது முட்டி வலிக்கிறது. போகலாமா சார்? (நெல்லிக்குப்பம்)

தாராளமாகப் போகலாம் அம்மா, ஒரு மாதம் பழகிவிட்டு. உங்களுக்குப் பக்கத்திலேயே திருவந்திபுரம் இருக்கிறது. ஹயக்ரீவர் சந்நிதிக்கு 74 படிகள். வாரம் மூன்று நாள் ஏறி இறங்குங்கள். முதலில் ஒரு தடவை, பிறகு இரண்டு, மூன்று. ஏறும்போது மூச்சுதான் வாங்கும். உடம்பு எடை முழுக்க முட்டியில் விழுவது இறங்கும்போது. படி உயரமாக இருந்தால் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, கைக்குச்சியை முதலில் கீழே ஊன்றி, அப்புறம் காலை வையுங்கள். வரிசையில் நீங்கள் முன்னால் நடங்கள், பிள்ளைகள் பின்னால் வரட்டும். நீங்கள் பின்னால் வந்தால், அவர்கள் உட்கார்ந்து இளைப்பாறிய இடத்துக்கு நீங்கள் வந்து சேர்வதற்குள் எழுந்து கிளம்பிவிடுவார்கள்.

ஷூ புதிதாகவும் வேண்டாம், பரணில் கிடந்ததும் வேண்டாம். எங்கள் கூட்டாளி ஒருவன் நாலு வருடமாகப் போடாத ஷூவைத் துடைத்து மாட்டிக்கொண்டு வந்தான். ராஜகிரியில் பாதி இறங்குவதற்குள் அடிப்பாகம் கேக் மாதிரி உதிர்ந்துவிட்டது. ஷூ அடிப்பாகத்தில் இருக்கும் பாலியூரிதேன் என்ற நுரை பிளாஸ்டிக், கடற்கரை ஈரக்காற்றில் சும்மா கிடந்தாலே மக்கிவிடும் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. துண்டைக் கிழித்துக் கட்டி, கமலக்கண்ணி அம்மன் கோயில் வரை கைத்தாங்கலாகக் கொண்டுவந்தோம். வழியெல்லாம் எங்களைத் திட்டிக்கொண்டே வந்தான், நாங்கள்தான் ஷூவைக் கொடுத்த மாதிரி!

குரங்குத் தொல்லை? (அரியாங்குப்பம்)

உண்டு. கையில் கேரி பை இருந்தால் பிடுங்கும். சாப்பாடு முதுகுப் பையில் இருக்கட்டும். பிடுங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், புளியோதரைக்காகக் கடி வாங்காதீர்கள்.

மழை விட்டதும் திருவண்ணாமலை மேல் ஏறலாமா? (உழவர்கரை)

வேண்டாம். அந்த மலைமேல் சாதாரண நாளிலேயே ஏற விடுவதில்லை. 2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் மழையில் அங்கே மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். 14 கிலோமீட்டர் கிரிவலம் நடங்கள், அதுவும் நல்ல நடைதான். செஞ்சிக்கும் மழை விட்டு மூன்று நாள் வெயில் அடிக்கட்டும், படியில் பாசி காயணும்.

கல்வராயன் மலைக் காட்டுக்குள் நாங்களாகவே போகலாமா? (பண்ருட்டி)

கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலை ஏறப் போன 23 பேர் காட்டுத் தீயில் இறந்தார்கள், அதன் பிறகு விதிகள் கடுமை. வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயம். 2024 அக்டோபரில் நாற்பது பாதைகளோடு வனத்துறை தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ தளத்தில் ஒரு பாதையைப் பதிவு செய்யுங்கள். பிப்ரவரி பாதிக்கு மேல் தீக்காலம் என்று மூடிவிடுவார்கள், அதற்குள் போய்வாருங்கள்.

அண்ணா, மேலே போய் ஆளுக்கு ஒரு பீர்...? (பெயர் போடவில்லை)

புதுச்சேரி சரக்கோடு எல்லை தாண்டினால் சோதனைச் சாவடியிலேயே உங்கள் மலை நடை முடிந்துவிடும் தம்பி. மோர் கொண்டுபோங்கள்.