24 வயதில் பகல்நேர மையம்: மகனைச் சேர்த்துவிடுங்கள், ஏ.டி.எம். கார்டைக் கொடுக்காதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. மிதமான அறிவுசார் குறைபாடு. சிறப்புப் பள்ளி 18 வயதோடு முடிந்துவிட்டது. கணவர் காலமான பிறகு தேவகோட்டையில் நானும் அவனும்தான். நாள் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறான். காரைக்குடியில் பெரியவர்களுக்கான பகல்நேர மையம் ஒன்றில் சேர்த்துவிடுவதாக ஒருவர் சொல்கிறார். கார்டியன் சான்றிதழ் இல்லாமல் சேர்க்க மாட்டார்களாம், அதை வாங்கித் தர 25 ஆயிரம் கேட்கிறார். மையத்துக்கு ஒரு லட்சம் டெபாசிட்டாம். உதவித்தொகை வரும் ஏ.டி.எம். கார்டையும் ஒப்படைக்க வேண்டுமாம். இந்த வயதுக்கு மேல் அவன் என்னதான் கற்றுக்கொள்வான்?

பதில்: கற்றுக்கொள்வான் அம்மா. 24 வயது தாமதமே இல்லை. ஆனால் பள்ளியில் நடந்ததே மையத்திலும் நடக்கும் என்று எண்ண வேண்டாம். அ, ஆ எழுத வைப்பதற்கு அங்கே வேலை இல்லை. தானே குளித்து உடுத்துவது, முகம் மழிப்பது, சோறு போட்டுச் சாப்பிட்டுத் தட்டைக் கழுவுவது, கடைக்குப் போவது, பஸ் ஏறுவது, பழகாத ஆள் தொட வந்தால் ‘வேண்டாம்’ என்று உரக்கச் சொல்வது, இவைதான் பாடம்.

சட்டைப் பொத்தானை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல பயிற்சியாளர் ஐந்து பொத்தானையும் போடச் சொல்லி நச்சரிக்க மாட்டார். நான்கை அவரே போட்டுவிட்டு, கடைசிப் பொத்தானைப் பாதி நுழைத்து நிறுத்துவார். தம்பி இழுத்துவிட்டால் போதும், வேலை முடிந்தது, முடித்தவன் அவன். அது பழகியதும் கடைசி இரண்டு, பிறகு மூன்று. கடையில் பிஸ்கட் வாங்குவதும் இப்படித்தான்: முதலில் மீதிச் சில்லறையை வாங்கிப் பையில் போடுவது மட்டும் அவன் பங்கு. கேட்பது, காசு கொடுப்பது எல்லாம் பின்னால் வரும். ஒரு படிக்கு மாதங்கள்கூட ஆகும். ‘மூன்றே மாதத்தில் மாற்றிக் காட்டுகிறோம்’ என்று எந்த மையமாவது சொன்னால் அங்கே சேர்க்காதீர்கள்.

சேர்ப்பதற்கு முன் ஒரு நாள் முழுக்க அங்கே உட்கார்ந்து பாருங்கள். உட்கார விடாத மையம் வேண்டாம். காலையிலிருந்து மாலைவரை எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து காகிதக் கவர் ஒட்டுகிறார்கள், பனையோலைக் கூடையான கொட்டான் பின்னுகிறார்கள் என்றால், அது பயிற்சியா, கூலியில்லா வேலையா என்று கேளுங்கள். விற்ற காசு யாருக்குப் போகிறது என்றும் கேளுங்கள். கொட்டான் பின்னுவது நம் ஊரின் அருமையான கைவேலை, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகள் வாரம் ஒருமுறையாவது சந்தைக்கோ கோயிலுக்கோ வெளியே போகாவிட்டால் அது பகல்நேரக் காவல்தான். ஊரோடு பழக ஊருக்குள் போக வேண்டும்.

இனி அந்த ஆள் சொன்னதற்கு வருகிறேன். பகல்நேர மையத்தில் சேர கார்டியன் சான்றிதழ் தேவையில்லை. யு.டி.ஐ.டி. என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகல் போதும். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தம்பிக்கு உரியது, அந்த ஏ.டி.எம். கார்டைக் கேட்கிற மையத்தின் வாசல்படியே மிதிக்காதீர்கள். கட்டணம் இருந்தால் மாதாமாதம் கட்டி ரசீது வாங்குங்கள். ஒரு லட்சம் டெபாசிட் கட்டிவிட்டு, பிள்ளை அங்கே இருக்க மாட்டேன் என்று அழுதாலும் பணத்துக்காகவே அனுப்பிக்கொண்டிருக்கும் பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கார்டியன் விஷயம் உங்களுக்குத் தேவைப்படும், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 18 வயது முடிந்தால் பெற்ற தாய்கூடச் சட்டப்படி கார்டியன் இல்லை. உங்கள் கணவர் உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், அவர் சொத்தில் உங்களுக்கும் தம்பிக்கும் பங்கு உண்டு. உங்கள் மாமியார் இருந்தால் அவருக்கும் சம பங்கு. இங்கே பல குடும்பங்களுக்குப் பூட்டிக் கிடக்கும் வளவு வீட்டில், அதாவது பழைய பரம்பரை வீட்டில், பங்கு இருக்கிறது. பங்காளிகள் விற்கலாம் என்று கிளம்பும் நாளில் தம்பியின் கையெழுத்து என்று ஒன்று வந்து நிற்கும். அவன் பெயரில் வீடு, நிலம், பெரிய வைப்புத்தொகை இருந்தால் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர் நிலைக் குழுவிடம் நீங்களே மனுக் கொடுக்கலாம். சிவகங்கை கலெக்டர் ஆபீஸில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். நியமனம் ஆன ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும், பிறகு ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். புரோக்கர் இதைச் சொல்லவே மாட்டார். கார்டியன் ஆகிவிட்டோம் என்பதற்காக அவன் பங்கை விற்கும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். முதலில் உங்களுக்கென்று ஒரு வக்கீலைப் பாருங்கள், பங்காளிகள் கூட்டிவரும் வக்கீல் வேண்டாம்.

18 வயதுவரை பள்ளி, ஆசிரியர், மதிய உணவு எல்லாம் கொடுத்துவிட்டு, மறுநாளே பிள்ளையை வீட்டுத் திண்ணையில் விடுகிற ஏற்பாட்டை என்னால் ஏற்கவே முடியவில்லை. கேட்டால் 14 வயதுக்கு மேற்பட்டோருக்கான தொழிற்பயிற்சி இல்லம் இருக்கிறதே என்கிறார்கள். உங்கள் பிள்ளைக்கு இல்லம் எதற்கு? அவனுக்கு வீடு இருக்கிறது, அம்மா இருக்கிறார். காலையில் போய் மாலையில் திரும்ப ஓர் இடம்தான் இல்லை. சமூகத்தோடு வாழ்வது உரிமை என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் சொல்கிறது. அந்த உரிமை தேவகோட்டைக்கு வந்து சேர இன்னும் எத்தனை மனு எழுதுவது?

டவுன் பஸ்ஸில் அவனுக்கும் உடன்போகும் ஒருவருக்கும் கட்டணமில்லை, அட்டையை மட்டும் கையில் வைத்திருங்கள். முதல் மாதம் இரண்டே திறன்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, எந்தப் படியில் அவன் நிற்கிறான் என்று பயிற்சியாளரிடம் நோட்டில் எழுதி வாங்குங்கள். வீட்டிலும் அதே படியில் நிறுத்திக்கொள்ளுங்கள். அவசரத்தில் ஐந்து பொத்தானையும் நீங்களே போட்டுவிடாதீர்கள்.