ஆர்கேட் கேபினெட்டின் பழைய சிஆர்டி திரையில் கம்ப்யூட்டர்: வாங்குவதற்கு முன்

ஆர்கேட் கேபினெட்டுக்குள், அதாவது காசு போட்டு விளையாடும் பழைய வீடியோ கேம் பெட்டிக்குள், கம்ப்யூட்டரை வைத்து, பழைய விளையாட்டுகளை எமுலேட்டரில் (பழைய இயந்திரம் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளில்) ஓட்ட நினைப்பவர்களின் கேள்விகள் இவை. எல்லாருக்கும் ஒரே ஆசை: எல்சிடி மாட்டாமல், பெட்டியோடு வந்த சிஆர்டி திரையிலேயே (பழைய டிவி போன்ற கண்ணாடி டியூப் திரையிலேயே) படம் வர வேண்டும். நல்ல ஆசைதான். ஆனால் தவறான பொருளை வாங்கினால் காசு மட்டுமல்ல, இனி எளிதில் கிடைக்காத திரையும் போய்விடும்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறேன். 19 அங்குல வெல்ஸ்-கார்ட்னர் கே7000 திரையோடு ஒரு கேபினெட் வாங்கினேன். வீட்டில் சும்மா கிடக்கும் கம்ப்யூட்டரின் விஜிஏ கேபிளை வெட்டி நேரே இணைத்துவிடலாமா?

பதில்: கூடாது. காரணம் ஒரே ஒரு எண். உங்கள் திரை நொடிக்குச் சுமார் 15,700 கோடுகள் வரையும்படி அமைந்தது. 15 கிலோ ஹெர்ட்ஸ் திரை என்று சொல்வது இதைத்தான். கம்ப்யூட்டரின் விஜிஏ குறைந்தபட்சமாக அனுப்புவதே 640x480, அதாவது நொடிக்குச் சுமார் 31,500 கோடுகள். சரியாக இரண்டு மடங்கு.

இந்த வேகத்தைக் கொடுத்தால், திரை ஒரு கோடு வரைந்து முடிப்பதற்குள் இரண்டு கோடுகள் வந்துவிடும். ஒரே படம் பக்கத்தில் பக்கத்தில் இரண்டாக, கிழிந்து ஓடும். அதோடு நின்றால் பரவாயில்லை. கிடைமட்ட ஓட்டத்தைச் செலுத்தும் அவுட்புட் டிரான்சிஸ்டர் தவறான நேரத்தில் திறந்து மூடிச் சூடேறும். அது ஷார்ட் ஆகலாம், கூடவே பிளைபேக்கும் போகலாம். திரைக்கு உயர் மின்னழுத்தம் தரும் டிரான்ஸ்ஃபார்மர், நம்மூர் டிவி மெக்கானிக்குகள் எல்ஓடி என்பார்களே, அதுதான் பிளைபேக். எல்லா சேசிஸும் (டியூப்பை இயக்கும் சர்க்யூட் போர்டும்) உடனே செத்துவிடாது. உங்களுடையது எந்த வகை என்று சோதித்துப் பார்க்க வேண்டாம், அவ்வளவுதான்.

இதில் பலர் கவனிக்காத இடம், கம்ப்யூட்டர் கிளம்பும் அந்தச் சில நொடிகள். விண்டோஸில் 15 கிலோ ஹெர்ட்ஸ் டிரைவரைப் போட்டிருந்தாலும், அது ஏறும்வரை கார்டு 31 கிலோ ஹெர்ட்ஸில்தான் படம் அனுப்பும். ஆகவே திரைக்குத் தனி சுவிட்ச் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் முழுதாகக் கிளம்பிய பிறகே திரையைப் போட வேண்டும். நிறுத்தும்போது திரையை முதலில் அணைக்க வேண்டும்.

முதல் தடவை இணைக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று. ஹெர்ட்ஸ் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்து, விஜிஏ சாக்கெட்டின் 13-ஆம் பின்னில் சிவப்பு முனை, 10-ஆம் பின்னில் கருப்பு முனை வையுங்கள். 15.6-க்கும் 15.8-க்கும் நடுவே காட்டினால் இணைக்கலாம். 31.4, 31.5 என்று காட்டினால் திரைப் பக்கமே போகாதீர்கள். சில நிமிட வேலை. ஒரு திரை தப்பிக்கும்.

கேள்வி: இதற்கு எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்குவது? கடையில் புதிய கார்டைத்தான் வாங்கச் சொல்கிறார்கள்.

பதில்: புதியது வேண்டாம். ஆர்கேட் விளையாட்டுகளை ஓட்டும் மேம் எமுலேட்டரின் சுமை பெரும்பாலும் பிராசசர் மேல்தான் விழுகிறது. கார்டிடம் நமக்கு வேண்டியது இரண்டே குணம்: விஜிஏ போன்ற அனலாக் வெளியீடு இருக்க வேண்டும், 15 கிலோ ஹெர்ட்ஸுக்கு இறங்கிவர வேண்டும். புதிய கார்டுகளில் முதலாவதே கிடையாது. ரேடியானில் ஆர்9 290-இலும், ஆர்எக்ஸ் 400 வரிசை தொடங்கிப் பிறகு வந்தவற்றிலும் அனலாக் இல்லை; என்விடியாவில் ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்தே அது கிடையாது.

பழைய ரேடியான் எச்டி 5450, எச்டி 6450 போன்றவையே இந்த வேலைக்கு உகந்தவை. பழைய அலுவலகக் கம்ப்யூட்டர்களோடு மலிவாகக் கழித்துக் கட்டப்படுபவை. இவற்றுக்கு சிஆர்டி எமுடிரைவர் என்ற மாற்றியமைத்த டிரைவர் இலவசமாகக் கிடைக்கிறது. 64 பிட் விண்டோஸில் அதை நிறுவ, பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்திருக்க வேண்டும். நிறுவும்போது சாதாரண எல்சிடி திரையைக் கார்டின் வேறொரு சாக்கெட்டில் மாட்டி வேலை செய்யுங்கள். கூடவே வரும் விஎம்மேக்கர் கருவியில் திரை வகையாக ஆர்கேட் 15 என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மேலே சொன்ன மல்டிமீட்டர் சோதனையைச் செய்யுங்கள்.

விஜிஏ சாக்கெட் இல்லாமல் டிவிஐ மட்டும் இருக்கும் கார்டு என்றால், அந்த சாக்கெட்டின் தட்டையான பிளேடைப் பாருங்கள். அதைச் சுற்றி நான்கு சிறு துளைகள் இருந்தால் டிவிஐ-ஐ, அனலாக் உண்டு. வெறும் பிளேடு மட்டும் இருந்தால் டிவிஐ-டி, நமக்கு ஆகாது. விளம்பரத்தில் சாக்கெட்டின் படம் தெளிவாக இல்லையென்றால் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கேள்வி: ஜேபிஎஸ், ஜிபிஎஸ் என்று ஏதோ எண்ணோடு விஜிஏ மாற்றும் போர்டு மலிவாக விற்கிறார்கள். அதை நடுவில் போட்டால் டிரைவர் தொல்லையே இல்லையாமே?

பதில்: ஜிபிஎஸ்-8200. இது எதிர்த் திசையில் வேலை செய்யும் போர்டு. ஆர்கேட் போர்டின் 15 கிலோ ஹெர்ட்ஸ் படத்தை 31 கிலோ ஹெர்ட்ஸ் ஆக்கி விஜிஏ திரைக்கு அனுப்புவது அதன் வேலை. உங்களுக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். பெட்டியில் விஜிஏ என்றும் ஆர்கேட் என்றும் எழுதியிருப்பதால் ஏமாந்து வாங்குபவர்கள் நிறைய. வாங்கிவிட்டிருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: ஜே-பேக் வாங்கச் சொல்கிறார்கள். நாமே கேபிள் செய்தால் செலவு மிச்சம் ஆகுமே?

பதில்: உங்கள் கேபினெட்டில் ஜாமா வயரிங் இருந்தால் ஜே-பேக் வாங்குங்கள், இந்தச் செலவைக் குறைக்க வேண்டாம். 1985-இல் ஜப்பானில் வந்த ஜாமா முறையில் பவர், படம், ஒலி, பொத்தான்கள் எல்லாம் 56 முனை கொண்ட ஒரே இணைப்பில் வந்துவிடும். அல்டிமார்க் செய்யும் ஜே-பேக் அந்த இணைப்பில் சொருகிக்கொள்ளும். மறுபக்கம் கம்ப்யூட்டரின் விஜிஏ, யுஎஸ்பி. பொத்தான் அழுத்தங்கள் மேமுக்கு விசைப்பலகை எழுத்துகளாகப் போகும். படத்தின் நிற மின்னழுத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், 15 கிலோ ஹெர்ட்ஸைத் தாண்டிய சிங்க் (கோடும் படமும் எப்போது தொடங்க வேண்டும் என்று திரைக்குச் சொல்லும் சிக்னல்) வந்தால் அதைத் தடுத்துவிடும். கம்ப்யூட்டர் கிளம்பும் அந்த ஆபத்தான நொடிகளுக்கு இதுவே காவல்.

கேபினெட் ஜாமா இல்லை, அல்லது கையில் சால்டரிங் பழக்கம் உண்டு என்றால் கேபிள் செய்யலாம். விஜிஏவில் 1 சிவப்பு, 2 பச்சை, 3 நீலம். 6, 7, 8 அவற்றின் கிரவுண்ட். 13 கிடைமட்ட சிங்க், 14 செங்குத்து சிங்க், 10 சிங்க் கிரவுண்ட். ஜாமாவில் பாகங்கள் இருக்கும் பக்கத்தில் 12 சிவப்பு, 13 நீலம், 14 வீடியோ கிரவுண்ட். சால்டர் பக்கத்தில் என் பச்சை, பி சிங்க். ஜாமாவில் சிங்க்குக்கு ஒரே வயர்தான். எனவே கம்ப்யூட்டரின் இரண்டு சிங்க்குகளையும் ஒன்றாக்க 74எச்சி86 போன்ற சிறு ஐசி ஒன்று தேவை. இரண்டையும் தனித்தனியாக ஏற்கும் சேசிஸ் என்றால் அது வேண்டாம்.

சொந்தக் கேபிளில் இரண்டு சிக்கல்கள் வரும். ஒன்று, படம் மங்கல். விஜிஏவின் நிற மின்னழுத்தம் 0.7 வோல்ட், ஆர்கேட் போர்டுகள் அனுப்புவது அதைவிடக் கணிசமாக அதிகம். பிளைபேக்கில் இருக்கும் ஸ்கிரீன் குமிழைத் திருப்பிப் பிரகாசம் ஏற்றப் பார்க்காதீர்கள். கருப்பு சாம்பலாகும், திரையில் சாய்வான வெள்ளைக் கோடுகள் தெரியும், படம் மட்டும் மங்கலாகவே இருக்கும். டிஎச்எஸ்7374 ஐசி வைத்த சிறிய வீடியோ ஆம்ப்ளிஃபையர் போர்டை நடுவில் போடுவதே சரி.

இரண்டாவது, திரையே இணைக்கப்படவில்லை என்று கார்டு சொல்லும். நிற வயர்களில் 75 ஓம் சுமை தெரிந்தால்தான் கார்டு திரையை உணரும். ஆர்கேட் சேசிஸ்களில் பெரும்பாலும் அது கிடையாது. மூன்று நிறங்களுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஆளுக்கொரு 75 ஓம் ரெசிஸ்டர் போட்டால் உணர்ந்துவிடும். ஆம்ப்ளிஃபையர் இருந்தால் அதற்கு முன்பாக, கார்டின் பக்கம் போடுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் ஜப்பானிய கேபினெட் ஒன்று விலைக்கு வருகிறது. 100 வோல்ட்டாம். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் போதுமா?

பதில்: வோல்டேஜுக்குப் போதும். பாதுகாப்புக்குப் போதுமா என்பது சேசிஸைப் பொறுத்தது.

பழைய திரைகள் பலவற்றில் சேசிஸின் கிரவுண்ட், வீட்டு மின்சாரத்தோடு நேரடித் தொடர்பில் இருக்கும். கே7000 அப்படிப்பட்டது. அதற்கு முன்னால், வீட்டு மின்சாரத்தோடு உள்ள அந்த நேரடித் தொடர்பைப் பிரிக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் இருக்க வேண்டும். கேபினெட்டோடு வந்த கனமான டிரான்ஸ்ஃபார்மரை இடத்தை அடைக்கிறது என்று யாராவது கழற்றியிருக்கவும் கூடும். கம்ப்யூட்டரின் விஜிஏ கிரவுண்ட் வீட்டு எர்த்தோடு சேர்ந்தது. ஐசொலேஷன் இல்லாமல் இரண்டையும் இணைத்த கணமே மின்சாரம் அந்த வயர் வழியாகப் பாயும். ஃபியூஸ் போகும், கார்டு போகும், தொட்டுக்கொண்டிருந்தால் ஆளுக்கே ஆபத்து.

கடையில் கிடைக்கும் 230-இலிருந்து 100 ஆக்கும் பெட்டிகள் பலவும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்கள். உள்ளே ஒரே சுருள்தான். வோல்டேஜைக் குறைக்கும், ஆனால் பிரிக்காது. பிளக்கைச் சொருகாமல் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, உள்ளே போகும் பின்களுக்கும் வெளியே வரும் சாக்கெட்டுக்கும் நடுவே பாருங்கள். சில ஓம்கள் காட்டினால் அது ஆட்டோ. சேசிஸ் எண்ணைக் கொண்டு அதன் கையேட்டில் ஐசொலேஷன் வேண்டுமா என்று பார்த்துவிட்டு அதற்கேற்ப வாங்குங்கள்.

இன்னொன்று. வருவது 1996-இல் செகா வெளியிட்ட பிளாஸ்ட் சிட்டி கேபினெட்டா என்று கேளுங்கள். அதில் நானாவோ எம்எஸ்-2930 திரை இருந்தால் 15, 24, 31 மூன்று வேகங்களையும் ஏற்கும். கம்ப்யூட்டர் இணைப்பவருக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் பெட்டியின் பெயரை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம், இத்தனை ஆண்டுகளில் திரையை மாற்றியிருக்கலாம். சேசிஸில் ஒட்டியுள்ள லேபிளின் படத்தைக் கேளுங்கள்.

கேள்வி: பழைய கேபினெட்டை நேரில் பார்க்கப் போகிறேன். திரையில் எதையெல்லாம் கவனிப்பது?

பதில்: முதலில் அணைத்த நிலையில். டார்ச்சைச் சாய்வாக அடித்தால் எரிந்த தடம் தெரியும். பல வருடம் பாக்-மேன் மட்டும் ஓடிய டியூப்பில் அந்தச் சுவர்ப் பாதை அப்படியே பதிந்திருக்கும். அது போகாது, அதற்கேற்ப விலை பேசுங்கள். பின்கதவைத் திறந்து, கை வைக்காமல் டியூப்பின் கழுத்தைப் பாருங்கள். உட்புறக் கண்ணாடியில் வெள்ளி நிறப் பூச்சு பளபளத்தால் நல்லது. அது பால் போல வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, டியூப் முடிந்தது.

பிறகு ஓட விட்டு, குறைந்தது 15 நிமிடம் நில்லுங்கள். சூடேறிய பிறகு படம் சுருங்குகிறதா, ஓரங்கள் அலையாடுகின்றனவா என்று பாருங்கள். அலையாட்டம் பெரும்பாலும் காய்ந்த எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களால்தான். சேசிஸுக்கேற்ற கெப்பாசிட்டர் கிட் கிடைக்கிறது. அதற்காக மட்டும் நல்ல டியூப்பை விட்டுவிடாதீர்கள். ஆனால் மாற்றும் வேலையை அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள். 19 அங்குல டியூப்பின் ஆனோடில் 20,000 வோல்ட் அளவுக்கு இருக்கும், அணைத்த பிறகும் தங்கும். அகலத்தைச் சரிசெய்யும் காயிலை மட்டும் நீங்களே திருப்புவதென்றால் பிளாஸ்டிக் சாவி வாங்கிக்கொள்ளுங்கள். இரும்புச் சாவி உள்ளிருக்கும் ஃபெரைட்டை உடைத்துவிடும்.

கேள்வி: எல்லாம் இணைத்தாயிற்று, படமும் அருமை. ஆனால் ஆர்-டைப் ஓடும்போது பின்னணி விட்டு விட்டு நகர்கிறது. பாக்-மேன் நடுங்குகிறது. கார்டு பழுதா?

பதில்: கார்டில் குறையில்லை. ஆர்-டைப் நொடிக்கு 55 படங்கள் ஓடும் விளையாட்டு. நீங்கள் 60 ஹெர்ட்ஸில் ஓட்டினால் நொடிக்கு ஐந்து படங்கள் இரண்டு தடவை காட்டப்படும். கண்ணில் படும் தடுக்கல் அதுதான். சாதாரண மேமுக்குப் பதிலாக, சிஆர்டிக்கென மாற்றியமைத்த மேமான க்ரூவிமேம் போட்டு, மேம்.ஐஎன்ஐ கோப்பில் மானிட்டர் என்ற இடத்தில் ஆர்கேட்_15 என்று (ஆங்கில எழுத்தில்தான்) கொடுங்கள். ஒவ்வொரு விளையாட்டுக்கும் அதன் சொந்த வேகத்திலும் அளவிலும் திரையை அதுவே மாற்றிக்கொள்ளும். சிஆர்டிக்காக இவ்வளவு பாடுபடுவதே இந்த ஓட்டத்துக்காகத்தான், இதை விட்டுவிடாதீர்கள்.

பாக்-மேன் கதை வேறு. அது நிமிர்த்திவைத்த திரைக்கு எழுதியது, 288 கோடு உயரம். படுக்கையாக இருக்கும் 15 கிலோ ஹெர்ட்ஸ் திரையில் 60 ஹெர்ட்ஸில் சுமார் 240 கோடுகளே தெரியும். மிச்சத்தை அடக்க இன்டர்லேஸ் (ஒற்றைக் கோடுகளையும் இரட்டைக் கோடுகளையும் மாறி மாறி வரைவது) போட வேண்டியிருப்பதால் நடுக்கம் வருகிறது. விண்டோஸ் டெஸ்க்டாப் நடுங்குவதும் இதே காரணத்தால்தான். டியூப்பைத் திருப்பி வைக்க முடிந்தால் மட்டுமே முழுத் தீர்வு.

கேள்வி: பத்தாயிரம் கேம் ஏற்றிய ஹார்டு டிஸ்க் விற்கிறார்களே?

பதில்: வாங்காதீர்கள். எமுலேட்டர் சட்டப்படியானது. ஆனால் உரிமையாளர் அனுமதியில்லாமல் நகலெடுத்த ரோம் (விளையாட்டின் நிரல்) கோப்புகளை விற்பது பதிப்புரிமை மீறல். பழுது, வைரஸ் என்று வந்தால் யாரிடமும் முறையிடவும் முடியாது.

கேள்வி: ஜே-பேக் மாட்டியபின் கேபினெட் ஸ்பீக்கரில் சத்தமே இல்லை.

பதில்: ஜாமாவில் ஒலி ஆம்ப்ளிஃபையர் விளையாட்டுப் போர்டில்தான் இருக்கும், கேபினெட்டில் இருக்காது. போர்டு போன இடத்தில் அதுவும் போயிற்று. கம்ப்யூட்டரின் ஆடியோ வெளியீட்டுக்கு ஸ்பீக்கரைத் தள்ளும் சக்தி கிடையாது. 12 வோல்ட்டில் ஓடும் சிறிய கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபையர் போர்டு ஒன்று வாங்கி, கேபினெட்டின் 12 வோல்ட் சப்ளையிலிருந்தே பவர் கொடுங்கள். ஸ்பீக்கரின் இரண்டு வயர்களும் ஆம்ப்ளிஃபையருக்கே போக வேண்டும். மைனஸ் வயரைக் கேபினெட் கிரவுண்டோடு சேர்த்துவிட்டால் அந்த வகைப் போர்டு எரிந்துவிடும்.