ஆர்லிங்டனில் முதல் பேஸ்பால் ஆட்டம்: டல்லாஸுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அலுவலக நண்பர்கள் வரும் சனிக்கிழமை மாலை உங்களைக் குடும்பத்தோடு டெக்சஸ் ரேஞ்சர்ஸ் பேஸ்பால் அணியின் ஆட்டத்துக்கு அழைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். கோவையிலிருந்து வந்து சில மாதங்களே ஆன நிலையில், கிரிக்கெட்டைத் தவிர வேறொன்றும் தெரியாத நீங்களும் உங்கள் மனைவியும் நான்கு வயது மகளோடு அங்கே போய் என்ன செய்வது, பணம் வீணாகிவிடாதா என்றும் கேட்டிருந்தீர்கள். தயங்காமல் போய் வாருங்கள். ஆனால் நான்கும் ஆறும் எப்போது வரும் என்று காத்துக்கொண்டு உட்காராதீர்கள். அப்படி உட்கார்ந்தால், ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தின் இரண்டாவது இன்னிங்ஸிலேயே கொட்டாவி வந்துவிடும்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஆர்லிங்டனில் ரேஞ்சர்ஸ் ஆடும் குளோப் லைஃப் ஃபீல்ட் 2020இல் திறக்கப்பட்ட புதிய அரங்கம். ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர் அமரலாம். 1994இல் திறந்த பழைய அரங்கம் இன்றும் அருகிலேயே நிற்கிறது. அது இடிந்து விழும் நிலையில் ஒன்றும் இருக்கவில்லை; அதற்குக் கூரை இல்லை என்பதுதான் குறை. இங்கே ஆகஸ்டு வெயில் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவதை நீங்களே பார்க்கப் போகிறீர்கள். அந்த நாட்களில் ரசிகர்களில் பாதிப் பேர் இருக்கையை விட்டு எழுந்து, உள் நடைபாதை நிழலில் நின்றபடி தொலைக்காட்சித் திரையில் ஆட்டம் பார்ப்பார்கள். நானும் அப்படி நின்றவன்தான். நகரம் 50 கோடி டாலர் வரை கொடுத்துத் திறந்து மூடும் கூரையுள்ள அரங்கம் கட்டலாமா என்று 2016 நவம்பரில் ஆர்லிங்டன் மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது, அவர்களும் சம்மதித்தார்கள். கால் நூற்றாண்டு மட்டுமே ஆன கட்டடத்துக்குப் பதிலாக மக்கள் வரிப்பணத்தில் இன்னொன்றா என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் கைக்குழந்தையோடும் வயதான பெற்றோரோடும் கோடையில் வந்து உட்கார முடிகிறது என்பதையும் மறுப்பதற்கில்லை.

கொரோனா காலத்தில் திறந்ததால் முதல் பருவத்தில் உள்ளூர் ஆட்டங்கள் காலி இருக்கைகளுக்கு முன்னால்தான் நடந்தன. 2021 ஏப்ரலில் ரேஞ்சர்ஸ் ஆட்டங்களுக்கு ரசிகர்களை உள்ளே விட்ட பிறகுதான் நான் அதை முதன்முதலாகப் பார்த்தேன். கார் நிறுத்துமிடத்திலிருந்து பார்க்கும்போது செங்கல்லும் கண்ணாடியும் மேலே கவிழ்ந்த உலோகக் கூரையுமாக, பெரியதொரு நெல் கிடங்கைப் போலத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த எண்ணம் இன்றுவரை மாறவில்லை. உள்ளே போனதும் கதை வேறு. குளிர்ந்த காற்று முகத்தில் படுகிறது. படியேறி வாயில் வழியாக வெளிப்பட்டால் பச்சைத் தளம் முழுவதும் ஒரே பார்வையில் விரிகிறது. அது உண்மைப் புல் அல்ல, செயற்கைத் தரை; ஆதலால் பழைய அரங்கில் மாலை நேரத்தில் எழும் ஈரப் புல்லின் வாசனை இங்கே இல்லை. கூரை மூடியிருக்கும்போது ஓசை வெளியே போவதில்லை என்பதால், கூட்டம் பேசாமலிருக்கும் கணங்களில் பந்து கேட்சரின் (பேட்டருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவரின்) கையுறையில் போய் அறையும் சத்தம் மேல் அடுக்குவரை கேட்கும். வானம் போனதற்கு ஈடாக எனக்குக் கிடைத்தது அந்தச் சத்தம்தான்.

மகளுக்குக் காட்ட மதில் சுவரில் எழுதியிருக்கும் எண்கள் இருக்கின்றன. அவை பேட்டர் நின்று அடிக்கும் இடமான ஹோம் பிளேட்டிலிருந்து அந்தந்த இடம்வரை உள்ள தூரம், அடிக்கணக்கில். இடது மூலையில் 329. இது 29ஆம் எண் சட்டை அணிந்து ஆடிய ரேஞ்சர்ஸ் வீரர் ஏட்ரியன் பெல்ட்ரேவை நினைவுகூரும் வகையில் வைக்கப்பட்டது. 372 என்பது, வாஷிங்டனிலிருந்து டெக்சஸுக்கு இடம்பெயர்ந்த அணி இங்கே ஆடத் தொடங்கிய 1972ஐக் குறிக்கிறது. நேர் நடுவில் 407 அடி. கிரிக்கெட்டில் எல்லைக் கோடு அதிகபட்சம் 90 கஜம், அதாவது 270 அடிதான். நாம் சிக்ஸர் என்று துள்ளும் பல அடிகள் இங்கே எளிய கேட்ச் ஆகிவிடும். மட்டையோ உருண்டையான கழி. பந்தை மதிலுக்கு அப்பால் அடிக்கும் ஹோம் ரன் ஏன் அரிதாக வருகிறது என்பது இதிலிருந்தே விளங்கும்.

ஆகவே பந்து எங்கே பறக்கிறது என்பதைவிட அது எறியப்படும் முன் என்ன நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். பந்தை எறியும் பிட்சருக்கும் பேட்டருக்கும் நடுவே அறுபதடி ஆறு அங்குலம்; பந்து தரையில் படாமலே மணிக்கு 150 கிலோமீட்டர் அளவில் வருகிறது. எந்த வகைப் பந்தை எறிவது என்பதைக் கேட்சர் முன்பெல்லாம் கால்களுக்கு இடையே விரல்களைக் காட்டிச் சொல்வார். 2022 முதல் பெரும்பாலும் பொத்தான் அழுத்தும் கருவி வந்துவிட்டது, பிட்சரின் தொப்பிக்குள் செய்தி ஒலிக்கும். திரையில் மூன்று எண்களை மட்டும் பாருங்கள்: பால், ஸ்ட்ரைக், அவுட். பேட்டர் வீசித் தவறவிட்டாலோ, அடிக்கத் தக்க இடத்தில் வந்த பந்தை விட்டாலோ ஸ்ட்ரைக்; அந்த இடத்தை விட்டு விலகி வந்த பந்தை அவர் அடிக்காமல் விட்டால் பால். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் பேட்டர் அவுட். நான்கு பால் ஆனால் அவருக்கு முதல் பேஸ் (ஓடிச் சேர வேண்டிய தளங்களில் முதலாவது) இலவசம். மூன்று அவுட் ஆனால் அணிகள் இடம் மாறும். மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக் என்ற நிலை வந்துவிட்டால் அடுத்த பந்தில் ஏதோ ஒன்று முடிவாகப் போகிறது என்று பொருள். அதையும் பேட்டர் ஃபவுலாக, அதாவது ஆட்டக் கோட்டுக்கு வெளியே, தட்டிவிட்டுத் தட்டிவிட்டு நீட்டிக்கொண்டே போனால் பக்கத்து இருக்கைக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டு முன்னால் சாய்வார்கள். பத்து வாய்ப்பில் மூன்று முறை அடித்துத் தளம் சேர்பவரே இங்கே சிறந்த பேட்டர். இந்த அளவு தெரிந்தால் முதல் ஆட்டத்துக்குப் போதும். மீதியை உங்கள் நண்பர்களைக் கேளுங்கள், விளக்குவதற்கு அவர்களுக்கு அவ்வளவு ஆசை இருக்கும். 2011 இறுதிப்போட்டியை மட்டும் கிளறாதீர்கள். கோப்பைக்கு ஒரே ஒரு ஸ்ட்ரைக் பாக்கி என்ற நிலையை ஒரே இரவில் இருமுறை எட்டிவிட்டு ரேஞ்சர்ஸ் தோற்ற தொடர் அது. 2023இல் முதல் பட்டம் வென்ற பிறகும் பழைய ரசிகர்களுக்கு அந்த வலி ஆறவில்லை.

நேரத்தைப் பற்றிய கவலை வேண்டாம். 2023இல் பிட்சர் பந்தெறிய நேரக்கெடு விதிக்கும் கடிகாரம் வைத்த பிறகு ஆட்டங்கள் சராசரியாக இரண்டு மணி நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடுகின்றன. குழந்தைக்குத் தூக்கம் வந்தால் நடுவிலேயே கிளம்பலாம்; நண்பர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஆனால் ஏழாவது இன்னிங்ஸின் நடுவே எல்லாரும் எழுந்து கைகால் நீட்டிப் பாடுவதை உங்கள் மகள் விரும்புவாள். முடிந்தால் அதுவரை இருங்கள். ஆட்டம் தொடங்கும் முன் தேசிய கீதத்தின்போது தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும்.

இருக்கை உங்கள் விருப்பத்துக்கு விடப்பட்டால், ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் மேல் அடுக்கில் கேளுங்கள். விலை குறைவு, ஆட்டத்தின் அமைப்பு முழுதும் தெரியும். கீழே ஓரத்தில் கிடைத்தால் வலை கட்டியுள்ள பகுதிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஃபவுல் பந்து கண்ணிமைக்கும் நேரத்தில் வரும், கையில் கைபேசியோடு இருப்பவர்களுக்குத்தான் அடி படுகிறது. பிடித்த பந்தைத் திருப்பி எறிய வேண்டியதில்லை, வீட்டுக்கே கொண்டு போகலாம்.

சாப்பாட்டைப் பற்றி உங்கள் மனைவி கேட்டது நியாயமான கேள்வி. ஹாட் டாக் பெரும்பாலும் மாட்டிறைச்சி. சைவத்துக்கு நாச்சோஸ், பாப்கார்ன், வேர்க்கடலை உண்டு. சீஸ் ஊற்றி மிளகாய்த் துண்டுகள் போட்ட அந்த அரங்க நாச்சோஸ் 1976இல் இதே ஆர்லிங்டனின் அன்றைய மைதானத்தில்தான் விற்பனைக்கு வந்து நாடெங்கும் பரவியது. வெளி உணவையும் ஒரு கேலன் அளவுள்ள ஒளிபுகும் பிளாஸ்டிக் பையில் கொண்டுவர இந்த அரங்கில் அனுமதித்து வந்திருக்கிறார்கள். நாங்கள் எலுமிச்சை சாதம் கொண்டு போவது வழக்கம். விதிகள் பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால் கிளம்பும் முன் அணியின் இணையதளத்தில் பை அளவையும் உணவு விதியையும் பார்த்துவிடுங்கள். உள்ளே ரொக்கம் செல்லாது, அட்டைதான். டிக்கெட்டும் கைபேசியில்தான் இருக்கும், எனவே முழு சார்ஜோடு வாருங்கள். நண்பர் ஒருவர் எல்லாருக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கியிருந்தால் உங்கள் பங்கு எவ்வளவு என்று நீங்களாகக் கேட்டு அன்றே அனுப்பிவிடுவது நல்லது. இங்கே அழைத்தவர் செலவு செய்வார் என்ற வழக்கம் பொதுவாக இல்லை.

ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் வாழும் ஊராக இருந்தும் ஆர்லிங்டனில் வழக்கமான நகரப் பேருந்தோ மெட்ரோவோ கிடையாது. கார் இன்னும் வாங்கவில்லை என்றால் நண்பர்களோடு சேர்ந்து போங்கள். காரில் போவதானால் நிறுத்துமிடத்தை முன்பதிவு செய்யுங்கள். அருகிலேயே பெரிய அமெரிக்கக் கால்பந்து அரங்கமும் கேளிக்கைப் பூங்காவும் இருப்பதால் சனிக்கிழமை மாலையில் சாலை திணறும்.

கிரிக்கெட் ஏக்கம் வந்தால் பக்கத்து ஊரான கிராண்ட் பிரெய்ரிக்குப் போங்கள். அங்கேயிருந்த சிறு பேஸ்பால் மைதானத்தை மாற்றியமைத்து 2023இல் கிரிக்கெட் அரங்கமாக்கினார்கள். சென்னை அணியின் உறவான டெக்சஸ் சூப்பர் கிங்ஸ் அங்கே ஆடுகிறது. 2024 டி20 உலகக் கோப்பையில் அமெரிக்கா பாகிஸ்தானைச் சூப்பர் ஓவரில் வீழ்த்தியதும் அங்கேதான். அந்த அரங்குக்குக் கூரை இல்லை. தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள்.